உறைப்புக் கொழுக்கட்டை

என் வயதுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது என்றால் வீட்டுக்கு வந்து பாய் போட்டு இருந்து பலகாரம் சாப்பிட்டுப் பார்ப்பதில்லை. அப்படி வந்துபோய் வேண்டாம் என்றால் அயல் முழுக்கத் தெரிந்துவிடும், பெண்ணுக்குப் பெயர் கெட்டுவிடும். ஆகவே கோயிலில் பார்ப்பார்கள், அல்லது கடைத்தெருவில் பார்ப்பார்கள். பெண் வீட்டார் சும்மா வந்தவர்கள் போல நடப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் சும்மா நின்றவர்கள் போல எதிர்ப்பக்கம் நிற்பார்கள். மாடு வாங்கப் போனால்கூட கிட்டப்போய்ப் பல்லைப் பார்க்கலாம். இதில் அதுவும் இல்லை. உங்களில் பாதிப்பேர் அப்படிப் பார்க்கப்பட்டவர்கள்தானே, உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

எங்கள் சின்னம்மாவை அப்படிக் கோயிலில் வைத்துப் பல தரம் பார்த்தார்கள். சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை. வன்னியில், கனகராயன்குளம் ஊருக்கு உள்ளே, குளத்தின் கீழ்க் குடியேற்றத்தில் அப்பாவுக்குக் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது, தாய் தகப்பன் இல்லாத தங்கையையும் அம்மா கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சின்னம்மா நல்ல உயரம். குசினி வாசலில் தலை இடிக்கும். அந்த உயரம்தான் ஒவ்வொரு தரமும் குறையாய் வந்தது. கடைசித் தரம் வந்தவர்கள், "பொம்பிளை பனை மாதிரி" என்று அவருக்குக் கேட்கவே சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு வந்து சீலையைக் கூட மாற்றாமல், "அக்கா, இனி என்னை ஆருக்கும் காட்டாதேங்கோ. நான் உங்களோட இருந்து வயலைப் பாக்கிறன்" என்றார். அழவில்லை, சும்மா சொன்னார்.

அம்மாவும் அப்பாவும் ஓம், சரி என்றார்கள். பிறகு அவருக்குச் சொல்லாமலே காட்டுவது என்று தீர்மானித்தார்கள். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ. எனக்கும் சொல்லவில்லை. பிள்ளை உளறிவிடும் என்ற பயம்.

எழுபத்தேழு கலவரம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் போயிருக்கும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு வந்த சனங்கள் எங்கள் பக்கம் வந்து, வாய்க்கால் தண்ணீர் எட்டாத கடைசிக் காணிகளில் காடு வெட்டிக் குடியிருந்தார்கள். எங்கள் வயல்களில் களை பிடுங்கவும் நெல் அரிவு வெட்டவும் அவர்கள்தான் வருவார்கள். வேலைக்கு வந்தால் முற்றத்தில் நின்று தேத்தண்ணீர் குடிப்பார்கள். அவர்களுக்கென்று தகரப் பேணிகள் குசினிக்கு வெளியே தனியாகக் கவிழ்த்திருக்கும். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, எல்லா வீட்டிலும். உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லாதீர்கள்.

தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் வவுனியாவுக்குப் போனோம். எனக்கு மழைக்காலத்தில் இழுப்பு வரும். அதற்காகக் கந்தசாமி கோயிலுக்கு நேர்ந்திருக்கிறது என்று அம்மா சின்னம்மாவிடம் சொன்னார். "உன்ர கையால வளர்ந்த பிள்ளை. நீதான் விரதம் பிடிச்சு வந்து அர்ச்சனை செய்யவேணும். பச்சைத் தண்ணியும் வாயில படக்கூடாது." சின்னம்மா முதல்நாள் பகலே சாப்பாட்டை விட்டுவிட்டார். எனக்காக என்றால் அவர் அப்படித்தான். நேர்த்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அம்மா விடியப்புறம் குசினிக்குள் தேத்தண்ணீர் குடித்ததை நான் கண்டேன். பெரியவர்களுக்கு விரதம் வேறு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் சனம் நெருக்கியது. அப்பா எங்களைக் கோயிலில் விட்டுவிட்டு ஏதோ அலுவல் என்று முன்னுக்குப் போய்விட்டார். பூசை முடிய, கோயிலில் கொடுத்த பிடி பொங்கலையும் சின்னம்மா எனக்கே ஊட்டினார். பிறகு அம்மா, "பஸ் ஸ்ராண்டுக்கு இப்பிடிக் கடைத்தெருவால நடப்பம், ரவுணைப் பாத்த மாதிரியும் இருக்கும்" என்றார். வயலும் வாய்க்காலும் தவிர வேறு எதையும் காணாத எங்களுக்கு அது பெரிய விஷயம். சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வாளிகள் தொங்கின கடை, சுருட்டு மணக்கிற கடை, கண்ணாடிப் பெட்டிக்குள் காப்பு அடுக்கின கடை. அம்மா மட்டும் சீலைத் தலைப்பைச் சரிசெய்வதும் எங்கள் இருவரின் முகத்தையும் பார்ப்பதுமாக வந்தார். "நிமிராத, கொஞ்சம் குனிஞ்சு நட" என்று சின்னம்மாவுக்கு ஒருதரம் சொன்னார். சின்னம்மாவுக்கு அது பழக்கமான சொல் என்பதால் அவர் சந்தேகப்படவில்லை.

அரிசி ஆலை தாண்டுகிற இடத்தில் அம்மாவின் செருப்பு வார் அறுந்தது. அறுந்த செருப்போடு மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படமுடியுமா? தைக்கிறவரிடம் இருந்துகொண்டு, "நீங்கள் ரெண்டுபேரும் மெதுவா நடவுங்கோ, அந்தப் புடவைக்கடை வாசலில நில்லுங்கோ, நான் வாறன்" என்றார். எல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நடந்தது.

புடவைக்கடைக்கு எதிர்ப்பக்கம் ஒரு கிடுகுக் கொட்டில். பெயர்ப்பலகை இல்லை. வெட்டின தார்ப்பீப்பாவுக்குள் நெருப்பு எரிய, அதன்மேல் பெரிய அலுமினியப் பானை. வாய்க்கு வெள்ளைத்துணி கட்டியிருந்தது. அந்தத் துணியைத் தூக்கும்போது வந்த ஆவி றோட்டுக்கு வந்தது. ஏலமும் தேங்காயும் மணத்தது. இன்னொரு மணமும் வந்தது, கடுகும் பச்சைமிளகாயும் தாளித்த மணம். சின்னம்மா நின்றுவிட்டார்.

"என்னடி இது, கொழுக்கட்டையோ?" என்று என்னைக் கேட்டார்.

நான் எட்டிப் பார்த்து, "ஓம், கொழுக்கட்டைதான். விக்கினம்" என்றேன். கொழுக்கட்டையை விற்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அது ஆடிப்பிறப்புக்கும் பிள்ளையாருக்கும் வீட்டில் அவிப்பது. தோசை விற்கலாம், வடை விற்கலாம்.

பானைக்குப் பின்னால் நின்ற பெண் எங்களைக் கண்டுவிட்டார். மலைநாட்டுக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. "வாங்கம்மா, உள்ள வாங்க. பாப்பாவுக்குப் பசிக்குது பாருங்க. காரக் கொழுக்கட்டையும் இருக்கு, இனிப்பும் இருக்கு" என்றார்.

"உறைப்பாவும் கொழுக்கட்டை அவிப்பினமோ?" என்று சின்னம்மா சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டு எவ்வளவோ காலம்.

குனிந்து உள்ளே போனோம். இருக்கிறதுக்கு, ரயில்பாதைச் சிலிப்பர் கட்டையால் அடித்த இரண்டு வாங்கு. ஒன்றில் மூட்டை தூக்குகிற நாலைந்து பேர், தலைத்துண்டை மடியில் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். அவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். மற்ற வாங்கில் காற்சட்டை போட்ட ஒருவர் தனியாக இருந்தார். நான் சின்னப்பிள்ளை, என் கண் உயரத்துக்கு எது இருந்ததோ அதைத்தான் பார்த்தேன். அவருடைய காற்சட்டைக் காலில் சைக்கிள் கிளிப் ஒன்று மாட்டியிருந்தது. சங்கிலிக்குள் சிக்காமல் இருக்கப் போடுவார்களே, வெள்ளி வளையம் போல, அது. அதை இழுத்து விட்டால் டக் என்று சத்தம் கேட்கும் என்று எனக்குத் தெரியும். கையை அடக்கிக்கொண்டு இருந்தேன்.

வாழையிலைத் துண்டில் கொழுக்கட்டை வந்தது. எங்கள் கொழுக்கட்டை போல ஓரம் பல்லுப் பல்லாகக் கிள்ளியிருக்கவில்லை, மெல்லிய மாவுக்குள்ளால் உளுந்தும் கறிவேப்பிலையும் தெரிந்தது. சின்னம்மா முதல் கடியிலேயே நாக்கைச் சுட்டுக்கொண்டார். எதிரே இருந்தவர் தன் முன்னால் இருந்த செம்பிலிருந்து ஒரு பேணிக்குள் தண்ணீர் வார்த்து எங்கள் பக்கம் தள்ளி, "சூடு, பாத்து" என்றார். அவ்வளவுதான். சின்னம்மா தலை நிமிராமல் குடித்தார். குடித்துவிட்டு இன்னும் சாப்பிட்டார். இரண்டு நாள் பசி. கடைக்கார அக்கா இலையில் இன்னும் வைத்தபடி, "உளுந்த அவிச்சு உதிர்த்துத் தாளிக்கணும்மா" என்று விளக்க, சின்னம்மா கை நக்கிக்கொண்டு கேள்வி கேட்டார். கன்னத்தில் வேர்வை. நிமிர்ந்து, முழு உயரத்துக்கும் நிமிர்ந்து இருந்தார். நான் அவரை அவ்வளவு வடிவாக அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

அம்மா வாசலில் வந்து நின்றபோது முகத்தில் இரத்தம் இல்லை. "எழும்படி" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்தால் எதிர்ப்பக்கம் புடவைக்கடை வாசலில் தரகர் நின்றார். அவருக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு ஒரு பெரிய மனுஷி. எங்களை நேரே பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினார்.

பஸ் ஏறினோம். சின்னம்மா என் காதுக்குள், "ஆடிப்பிறப்புக்கு நாங்களும் உறைப்பா அவிப்பமடி" என்றார்.

அடுத்த கிழமை தரகர் வந்தார். மாப்பிள்ளை வவுனியாத் தபால் கந்தோரில் வேலையாம். தாய் இல்லை, குடை பிடித்து நின்ற தமக்கைதான் எல்லாம். "மூட்டை தூக்கிறவங்களோட சரிசமனா இருந்து, தோட்டக்காட்டுச் சனத்தின்ர கடையில கைநக்கித் தின்னுற பொம்பிளை எங்கட குடும்பத்துக்குச் சரிவராது" என்று தமக்கை சொல்லிவிட்டாராம். தரகர் அதை ஒரு சொல்லும் குறையாமல் சொன்னார். அதுவரை ஒன்றும் தெரியாத சின்னம்மா குசினிக்குள்ளிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார்.

தரகர் போனபின் வெளியே வந்து, "அத்தான், என்னைக் காட்டத்தான் கூட்டிக்கொண்டு போனீங்களோ?" என்று கேட்டார்.

அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சொன்னா நீ வந்திருப்பியே?" என்றார்.

"வந்திருக்க மாட்டன்தான். ஆனா பசியோடயாவது கூட்டிக்கொண்டு போகாமல் விட்டிருக்கலாம்."

அம்மா பாய்ந்தார். "ஒரு நாள் வயித்தைக் கட்டேலாமல் வாழ்க்கையைத் திண்டுபோட்டு, எங்களுக்குக் கதை சொல்லுறாய்."

வாழ்க்கையைத் தின்றுவிட்டாய். அந்தச் சொல் எங்கள் வீட்டில் பிறகு கன காலம் கிடந்தது. சோறு கொஞ்சம் கூடப் போட்டுக்கொண்டாலும் வரும், கோயிலில் மோதகம் கொடுத்தாலும் வரும். அந்த ஆடிப்பிறப்புக்குச் சின்னம்மா வழமைபோல இனிப்புக் கொழுக்கட்டை அவித்தார். எங்களுக்கெல்லாம் தந்தார். தான் ஒன்றும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷமும் எடுக்கவில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நடுவில் ஒன்று நடந்தது, ஆடிக்கு முன், மாசியில். அரிவு வெட்டு நடந்த நேரம். முற்றம் நிறைய ஆட்கள். பகல் சாப்பாட்டு வேளை. வேலிப் படலையடியில் அந்தக் கடைக்கார அக்கா வந்து நின்றார். நல்ல சீலை ஒன்று, மடிப்புக் கலையாமல். கையில் வாழையிலையில் கட்டின பொதி.

"ஐயா, வீட்டம்மாவப் பார்த்துக் கொஞ்சம் பேசணுங்க" என்றார்.

அப்பா அவரை வெட்டுக்கு வேலை கேட்டு வந்தவர் என்று நினைத்தார். அந்த மாதத்தில் மலைநாட்டுப் பெண் ஒருத்தி படலையில் நின்றால் எங்கள் ஆட்களுக்கு வேறு நினைப்பே வராது. "ஆள் எல்லாம் போட்டாச்சு. மேல் வாய்க்கால் பக்கம் போய்ப் பாரும்" என்றார்.

"வேலைக்கு வரலைங்க."

"வேலைக்கு இல்லாட்டி வேறை என்னத்துக்கு? சொல்லுமன்."

அக்கா முற்றத்தைப் பார்த்தார். வெட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அம்மாகிட்ட தனியா சொல்லணுங்க" என்றார், இன்னும் குரலைத் தாழ்த்தி.

அம்மா சுளகில் கொஞ்சம் நெல்லோடு வந்தார். "இந்தா, கொண்டுபோ. இப்ப வேலை நேரம், நிண்டு கதைக்க நேரமில்லை." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "வெட்டுக்கு வாறவள் உடுத்திருக்கிற சீலையைப் பாருங்கோ" என்றார். அவருக்கு அந்த முகம் ஞாபகம் இல்லை. கடை வாசலில் நின்றபோதும் அவர் அந்த முகத்தைப் பார்த்திருக்கவில்லை.

சின்னம்மாதான் குசினி வாசலில் வந்து, "அக்கா, அது அந்தக் கடை அக்கா எல்லோ" என்றார்.

"இன்னும் உனக்குக் கடை ஆசை விடேல்லையோ? உள்ளுக்குப் போ."

சின்னம்மா உள்ளே போனார். கடைக்கார அக்கா நெல்லை வாங்கவில்லை. பொதியைப் படலைக் கட்டையின் மேல் வைத்துவிட்டு, சின்னம்மா நின்ற வாசலை ஒருதரம் பார்த்துவிட்டு நடந்தார். பஸ் றோட்டுக்கு வெயிலில் அரை மணித்தியால நடை. அந்தப் பொதியை அம்மா பிரிக்காமலே மாட்டுக்கு வைத்தார். காரம் என்றபடியால் மாடும் தின்னவில்லை.

பத்து வருஷத்துக்குக் கிட்டப் போனது. சின்னம்மா எங்களோடு இருந்து வயலைப் பார்த்தார். தலையில் அங்கங்கே வெள்ளை விழுந்தது. நான் உயர்தரம் படிக்க வவுனியாவுக்குப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் நின்றேன். இந்திய ஆமிக்காரர் சந்திக்குச் சந்தி நின்ற காலம். அதே கடைத்தெருவால் ஒரு நாள் நடந்துவரும்போது கடுகு தாளித்த அந்த மணம். இப்போது கிடுகுக்குப் பதில் தகரக் கூரை. நான் குனிந்து உள்ளே போனேன். நானும் சின்னம்மா உயரத்துக்கு வளர்ந்திருந்தேன்.

அக்கா கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தார். "நீ அந்த நெட்டையம்மா வீட்டுப் பாப்பாவா?" என்றார். பிறகு, "அவங்க எப்படி இருக்காங்க? எங்க கட்டிக் குடுத்தாங்க?" என்றார்.

கட்டிக் கொடுக்கவில்லை என்றேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு வாங்கில் இருந்தார்.

அன்று எதிர்வாங்கில் இருந்து தண்ணீர் வார்த்தவர்தான் மாப்பிள்ளையாம். தினம் காலையில் அங்கே சாப்பிடுகிறவர். தமக்கை புடவைக்கடை வாசலில் நிற்க, நேரம் இருக்கிறதே என்று கொழுக்கட்டை சாப்பிட வந்திருந்தார். அவர் பார்க்க வந்திருந்த அந்த உயரமான பெண், தானாகவே குனிந்து கொட்டிலுக்குள் வந்து எதிரே இருந்து சாப்பிட்டது. அவருக்குப் பிடித்துப்போனது. எப்படிப் பிடித்தது என்று அக்கா சொன்னார். "'அவ சாப்பிட்டத பார்த்தீங்களா அக்கா, இந்த மாதிரி மனசாரச் சாப்பிடுற ஒரு ஆளோட சோறு சாப்பிடணும்'னு சொன்னாரு." தமக்கை வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நிற்க, தரகரும் தமக்கையின் ஆளாக இருக்க, அவர் இந்த அக்காவைத்தான் கேட்டிருக்கிறார். பெண்ணின் வீட்டுக்குப் போய், எனக்குச் சம்மதம், சீதனம் ஒன்றும் வேண்டாம், அவர்களுக்கும் சம்மதம் என்றால் மாமனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லத்தான் அக்கா நல்ல சீலை உடுத்திக்கொண்டு வந்தார்.

"ஏன் அக்கா படலையிலேயே சொல்லேல்லை?"

"வெட்டுக்கு வந்தவங்க அத்தன பேரு நிக்கிறாங்க. கல்யாணம் ஆகாத புள்ள பேர அங்க வச்சு எப்படிம்மா எடுக்கிறது? நாளைக்கு ஊரு என்ன பேசும்?"

எங்கள் ஆட்களுக்கு இல்லாத கவனம். திரும்பிப் போய், அவர்கள் பேசவே விடவில்லை என்று அவர் சொல்ல, மாப்பிள்ளை அதைப் பெண் வீட்டாரின் பதில் என்றே எடுத்துக்கொண்டாராம். அடுத்த வருஷம் மன்னாருக்கு மாற்றலாகிப் போய், அங்கே ஒருத்தியைக் கட்டினாராம். அந்த மனிதரையும் நான் சும்மா விடமாட்டேன். தபால் கந்தோரில் வேலை பார்த்தவருக்கு ஒட்டி அனுப்ப ஒரு முத்திரை கிடைக்கவில்லையா? சைக்கிள் வைத்திருந்தவர், ஒருதரம் மிதித்து வந்திருக்கக்கூடாதா? ஆனால் அவர் அதை மரியாதை என்று நினைத்திருப்பார். அந்தக் காலத்தில் எல்லோரும் எதையோ மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் முதலில் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றது. "ஏன், அவளுக்கு வாய் இல்லையே? படலையில வைச்சுச் சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு திரும்பவும் அரிசியைக் களைந்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது, அம்மா போய்ச் சேர்ந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும்.

சின்னம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றார். சொல்லலாமா விடலாமா என்று நான் யோசிக்கவில்லை. அவருடைய கதை, அவருக்குத் தெரியவேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். கையிலிருந்த துணியைப் பிழிந்து கொடியில் விரித்தார்.

"எந்த ஆள்? எதிர் வாங்கில இருந்தவரோ?"

"ஓம். உங்களுக்குத் தண்ணி வார்த்துத் தந்தவர்."

கண்ணை மூடினார். நெற்றி சுருங்கியது. "முகம் வருகுதில்லையடி" என்றார். "நான் கொழுக்கட்டையை எல்லோ பாத்துக்கொண்டு இருந்தனான்." பிறகு என் கையைப் பிடித்தார். சவர்க்காரக் கை. "நீயாவது பாத்தனியே? எப்பிடி இருந்தவர்?"

நானும் முகத்தைப் பார்க்கவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. தெரிந்த ஒன்றைச் சொன்னேன், காற்சட்டைக் காலில் சைக்கிள் கிளிப் போட்டிருந்தார் என்று.

"எந்தக் காலில?" என்று கேட்டார்.

வலது காலில் என்றேன். தலையாட்டினார். பிறகு அடுத்த துணியை எடுத்தார்.